எழுபத்தைந்து சோகப் பாட்டுகள்

அந்தக் கோபுரக் கிரேனின் ஓட்டுநர் அறை தரையிலிருந்து அறுபத்திரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அண்ணி அந்த உயரத்தை மூன்று ஆண்டுகளாக ஏணி வழியே ஏறி இறங்கியவள். கடந்த பத்து நாள்களாக ஏறவில்லை.

சென்ற வாரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவள் தூக்கிக்கொண்டிருந்த பலகைக் கட்டு ஒன்றை எதிர்பாராத காற்று சுழற்றிச் சாரத்தின் மேல் மோதவிட்டது. இரண்டு குழாய்கள் வளைந்தன; யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தவறு காற்றினுடையது என்று விசாரணையில் எழுதினார்கள். அந்த முடிவைக் காற்று ஏற்றுக்கொண்டதா என்பது தெரியாது, அண்ணி ஏற்றுக்கொள்ளவில்லை. மறுநாள் அவள் இருக்கையில் உட்கார்ந்தபோது வலக்கை நெம்புகோலின் மேல் இருந்தது, ஆனால் நகரவில்லை. கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்தாள். அன்றிலிருந்து அவள் தளத்துக்கு வந்து கீழேயே இருக்கிறாள்; பக்கத்துத் தளத்து ஆள் ஒருவர் அரைநாள் வந்து ஓட்டிவிட்டுப் போகிறார்.

தள மேலாளர் கண்டிப்பானவர், கொடியவர் அல்லர். வெள்ளிக்கிழமைக்கென ஒரு வாய்ப்புத் தந்திருந்தார். பதினான்காவது மாடிக்கு மேலே, மொட்டைமாடியில், குளிரூட்டும் இயந்திரம் ஒன்று போய் உட்கார வேண்டும். எடை நான்கே முக்கால் டன். அதை அவள் ஏற்றி வைத்தால் இருக்கை அவளுடையது. இல்லையென்றால் திங்கள் முதல் வாயில் அறையில் அனுமதிச் சீட்டு கொடுக்கும் மேசை.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

அவளை அண்ணி என்று இங்கே அழைப்பது சின்னவளின் உறவுமுறைப்படி. சின்னவள் அவளுக்கு நாத்தனார். அதே தளத்தில் கொக்கியில் பாரத்தைக் கட்டிவிட்டு, வாக்கி-டாக்கியில் வழிசொல்லும் வேலை. தளத்தில் ஒருத்திக்கு மேலக்கா என்றும் மற்றவளுக்குக் கீழக்கா என்றும் பெயர் விழுந்துவிட்டது. இருவரையும் காலையில் கொண்டுவந்து விடுபவர், ஒருத்திக்கு அண்ணனும் மற்றவளுக்குக் கணவருமான வேன் ஓட்டுநர்.

பாட்டுக் குறி அந்த வேனின் சொந்தச் சாத்திரம்.

கைப்பேசியில் இருக்கும் பாட்டுகளையெல்லாம் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துவிட வேண்டும். கேள்வியை உரக்கக் கேட்டுவிட்டு ஒருமுறை அழுத்த வேண்டும். எந்தப் பாட்டு வருகிறதோ அதன் முதல் வரிதான் விடை. கேட்டவர் பொருள் சொல்லக் கூடாது. மற்றவர்கள்தாம் சொல்ல வேண்டும். ஒரே கேள்விக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை அழுத்துவது குற்றம். ஐந்து ஆண்டுகளில் இந்தச் சாத்திரம் பலித்ததாக எவரும் நிரூபித்ததில்லை. ஆனால் ஒரு நாள்கூட அதைக் கேட்காமல் வேன் முதல் திருப்பத்தைத் தாண்டியதில்லை.

"கேக்கலாமா?" என்றாள் அண்ணி.

"கேளுங்க அண்ணி. வண்டியே கிளம்பிடுச்சு, வாய் மட்டும் ஏன் நிக்குது?" என்றாள் பின்னிருக்கையிலிருந்த சின்னவள்.

அண்ணி சாலையைப் பார்த்தபடி கேட்டாள். "இன்னைக்கு அந்தப் பெட்டி மேல போய்ச் சேருமா?"

அழுத்தினாள். வானம் தன் உள்ளங்கைக்குள் அடக்கம் என்று ஓர் இளைஞன் ஏழெட்டு வயலின்களின் துணையோடு அறிவித்தான்.

அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டினார். "அடிச்சது பாரு! இதுக்கு மேல என்ன வேணும்?"

சின்னவள் தட்டவில்லை. அவளுக்கு நான்கு நாள்களாக ஒரு சந்தேகம். திங்களன்று, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா என்று அவள் கேட்டதற்குக் கல்யாண ஊர்வலப் பாட்டு வந்தது. தொலைந்த குடை கிடைக்குமா என்றதற்குப் பூங்காவில் ஒரு ஜோடி ஓடிப் பிடித்து விளையாடியது. நேற்று வேனைக் கழுவலாமா என்று அண்ணனே கேட்டதற்கு, ஒரு படை வெற்றி முழக்கத்தோடு ஊருக்குத் திரும்பியது. உலகம் இவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

கைப்பேசியை வாங்கிப் பட்டியலின் அடிவரைக்கும் தள்ளிப் பார்த்தாள்.

"அண்ணா, இதுல இருநூத்திப் பதினாலு பாட்டு இருந்துச்சு."

"இருந்துச்சு."

"இப்ப நூத்தி முப்பத்தொம்பதுதான் இருக்கு."

"அப்படியா?" அவருடைய குரல் இயல்பாகத்தான் இருந்தது. காதுகள் மட்டும் சிவந்தன.

"எழுபத்தஞ்சு பாட்டு எங்க போச்சு?"

"ஃபோன்ல இடம் இல்லன்னு காட்டுச்சு."

"இடம் இல்லன்னா சோகப் பாட்டா பொறுக்கி எடுத்துட்டுப் போகுமா? தாடிக்காரன் பாட்டக் காணோம். மழையில நனைஞ்சுக்கிட்டே ஒருத்தி அழுவாளே, அவளக் காணோம். துக்கப்படற ஜனத்த மொத்தமா ஊரவிட்டே துரத்திட்டியா?"

"எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்," என்றாள் அண்ணி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"இந்த வண்டியில ரெண்டு நாளா ஒருத்தர்கூடச் சாகல. அப்பவே நெனச்சேன்."

அண்ணன் வேகத்தைக் குறைத்தார். "நீ சிரிச்சே பத்து நாளாச்சு. அதுல தப்பித் தவறி ஒரு ஒப்பாரி வந்து... எதுக்குன்னுதான்."

"வண்டிய ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். பூட்டியிருந்த ஒரு பழுதுபார்ப்புக் கடையின் முன்னால் வேன் நின்றது. அண்ணி குரலை உயர்த்தவில்லை. அவள் எப்போதும் உயர்த்துவதில்லை. அறுபத்திரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பேசிப் பழகியவர்கள், கத்துவதால் எதுவும் கீழே போய்ச் சேர்வதில்லை என்று அறிந்தவர்கள்.

"நான் மேல போன உடனே மொதல்ல என்ன செய்வேன்னு தெரியுமாங்க?"

"உக்காருவ."

"எச்சரிக்கை மணிய அடிக்க வெச்சுப் பாப்பேன். பாரம் ஜாஸ்தியானா கத்தற மணி. அது கத்தினாதான் வேலைய ஆரம்பிப்பேன். கத்தலன்னா இறங்கிடுவேன். நீங்க மணியோட நாக்க அறுத்துட்டு, 'பாரு, சத்தமே இல்ல, எல்லாம் நல்லாயிருக்கு'ங்கறீங்க."

"வெறும் விளையாட்டுதானேம்மா..."

"விளையாட்டுதான். அதான் ஒழுங்கா விளையாடணும்கறேன்."

பத்து நாள்களாக வீட்டில் இந்தக் குரலைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. சாப்பிட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா என்று கேட்ட குரல் வேறு. இது பாரத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லும் குரல்.

"அழிக்கல," என்றார் அண்ணன். "தனியா ஒரு பட்டியல்ல போட்டு வெச்சிருக்கேன்."

சின்னவள் தேடி எடுத்தாள். எழுபத்தைந்தும் இருந்தன. அந்தப் பட்டியலுக்கு அவர் 'அப்புறம்' என்று பெயரிட்டிருந்தார். அவள் அதை உரக்கப் படிக்கவில்லை. கேலி செய்யத் தகுந்தவையும் தகாதவையும் அண்ணனிடம் அருகருகே கிடக்கும் என்பதை அவள் அறிவாள்.

பாட்டுகள் வீடு திரும்பின. எண் இருநூற்றுப் பதினான்கு ஆயிற்று.

"ஆனா அதே கேள்விய மறுபடி கேக்கக் கூடாதே," என்றாள் சின்னவள்.

அண்ணி சற்று யோசித்தாள். "மொத தடவ பட்டியல் முழுசா இல்ல. முழுசா இல்லாத பட்டியல்ல கேட்டது கேள்வியே இல்ல. அதனால இது ரெண்டாவது தடவ இல்ல, மொத தடவ."

தீர்ப்பில் குறை காண முடியவில்லை. அண்ணி கைப்பேசியை வாங்கி அழுத்தினாள்.

ஒற்றைப் புல்லாங்குழல் இழுத்தது. கடலுக்குப் போன படகு கரை சேரவில்லை என்று ஒரு பெண் மிக மெதுவாகத் தொடங்கினாள். இருநூற்றுப் பதினான்கில் இதைவிட இருண்ட பாட்டு வேறு இல்லை.

அண்ணன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பொருள் சொல்ல வேண்டிய இருவரில் ஒருவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார் என்பது தெளிவாயிற்று. எஞ்சியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"படகுன்னு சொல்லியிருக்கு. நீங்க ஓட்டறது படகு இல்ல. அட்ரஸ் மாறி வந்த பாட்டு. அடுத்த கேள்வி."

அண்ணி சிரித்தாள். முதலில் மூச்சாகத்தான் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படகுப் பெண் தன் துயரத்தை இடைவிடாமல் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

"எடுங்க வண்டிய," என்றாள் அண்ணி. "நேரமாச்சு."

*

ஏழரை மணிக்கு அவள் ஏணியில் கால் வைத்தாள். சின்னவள் எண்ணவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எண்ணினாள். ஐந்து இடங்களில் நின்று மூச்சு வாங்குவது அண்ணியின் வழக்கம். இன்றும் ஐந்து.

எட்டு மணிக்கு முன் மேலே மணி கத்தியது. நன்றாகக் கத்தியது.

குளிரூட்டும் இயந்திரம் பக்கத்துத் தெருவில் லாரியின் மேல் காத்திருந்தது. தெருவை ஒரு மணி வரைக்கும் அடைத்துவைக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு எடையைவிடப் பக்கங்கள்தாம் ஆபத்து. நான்கு பக்கமும் படகின் பாய் போல விரிந்தவை. காற்று விநாடிக்கு ஒன்பது மீட்டரைத் தாண்டினால் தூக்கக் கூடாது என்று திட்டத்தாளில் எழுதியிருந்தது.

சின்னவள் எஃகு வடங்களை நான்கு மூலைகளிலும் மாட்டினாள். ஒவ்வொன்றையும் இருமுறை இழுத்துப் பார்த்தாள். "கட்டியாச்சு. ஒரு சாண் தூக்குங்க."

வடங்கள் தளர்ந்தே கிடந்தன. மூன்று விநாடி இருக்கலாம். மேலாளர் தலையை உயர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தினார்.

பிறகு வடங்கள் இறுகின. பெட்டி லாரியை விட்டு ஒரு சாண் எழுந்து, ஆணியடித்தது போல நின்றது. கை நகர்ந்துவிட்டது.

"நிக்குது. சரியா இருக்கு. மேல போகலாம்."

சுழலாமலிருக்க இரண்டு பேர் கயிறு பிடித்தார்கள். பெட்டி ஏறியது. அண்ணி பாரம் தூக்குவதைப் பார்த்தவர்கள், அவள் தூக்குவதாகச் சொல்வதில்லை. பெட்டி தானாக முடிவெடுத்து மேலே போவதாகத்தான் சொல்வார்கள். தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகளாக அதைத் தினமும் பார்த்தவள் சின்னவள். இன்று, முதல் நாள் பார்ப்பவளைப் போல வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

ஐந்தாம் மாடி. ஏழாம் மாடி. ஒன்பதாம் மாடியில் பெட்டி நின்றது.

"காத்து எட்டரை," என்றது அண்ணியின் குரல்.

"ஒன்பதுக்குள்ளதானே?" என்றார் மேலாளர்.

"இப்ப ஒன்பதே கால்."

"இன்னும் அஞ்சு மாடிதாம்மா. ரெண்டு நிமிஷம். ஒரு மணிக்குத் தெருவத் தொறந்தாகணும்."

"இறக்கறேன் சார்."

"மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்கு இது ஏறலன்னா..."

"தெரியும் சார். இறக்கறேன். சின்னவளே, கீழ ஆள ஒதுக்கு."

இறங்கிக்கொண்டிருப்பது பெட்டி மட்டும் அன்று. வாயில் அறை மேசையும் கூடவே இறங்குகிறது. ஆயினும் சின்னவளின் குரல் பிசகவில்லை. "ஆள் இல்ல. இறங்கலாம். இன்னும் மூணு மீட்டர். ரெண்டு. ஒன்னு. மெதுவா." நான்கே முக்கால் டன் எடை, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போலத் தரையில் அடுக்கியிருந்த மரக்கட்டைகளின் மேல் அமர்ந்தது. அது அமர்ந்த மறு நிமிடம் காற்று வந்து, தெருவை அடைத்திருந்த இரண்டு தடுப்புகளைக் குப்புறத் தள்ளியது.

மேலாளர் அந்தத் தடுப்புகளை நீண்ட நேரம் பார்த்தார். தாமே போய் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

அதன் பிறகு காத்திருப்பு. அண்ணி மேலேயே இருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காற்றின் வேகம் மட்டும் ஓர் எண்ணாகக் கீழே வந்தது: பதினொன்று, பத்தரை, பதினொன்று. மொட்டைமாடியில் இயந்திரத்துக்காகக் காத்திருந்த பொருத்துநருக்குப் பொறுக்கவில்லை.

"மேலக்கா, உங்க வேன் பாட்டுக் குறி என்ன ஆச்சு? காத்து எப்ப அடங்கும்னு ஒரு பாட்டப் போட்டுக் கேளுங்களேன்."

"காத்த அளக்க மானி இருக்கு தம்பி. குறி கேக்கறது மானி இல்லாத விஷயத்துக்கு."

பன்னிரண்டு மணிக்கு எட்டு. பன்னிரண்டு ஐந்துக்கு ஆறரை. பன்னிரண்டு பத்துக்கும் ஆறரை. "தூக்கலாம்," என்றாள் அண்ணி.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் பெட்டி மொட்டைமாடியில் நான்கு திருகாணிகளின் மேல் இறங்கியது. நான்கு துளைகளும் ஒரே முறையில் பொருந்தின. பொருத்துநர் கடப்பாரையைக் கையில் எடுத்து ஆயத்தமாக நின்றிருந்தார். அதற்கு வேலையில்லாமல் போனதில் அவருக்குச் சற்று ஏமாற்றம்.

"உக்காந்திடுச்சு மேலக்கா. நாங்க பேசாம வீட்டுக்கே போலாம் போல."

*

மூன்று மணிக்கு மேலாளர் அண்ணியையும் சின்னவளையும் தம் அறைக்கு அழைத்தார்.

"சீட் உங்களோடதுதான். அதுல பேச்சே இல்ல. பாதியில திருப்பினீங்க பாருங்க, அதுக்கே கொடுத்திருப்பேன்." இழுப்பறையைத் திறந்தார். "ஆனா இத என்ன செய்யறதுன்னு சொல்லுங்க."

ஒரு கடிதம். எட்டு நாள்களுக்கு முன் எழுதியது. அண்ணனின் கையெழுத்து.

அண்ணி நின்றபடி படித்தாள். சின்னவள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். 'என் மனைவி தூக்கத்தில் வலக்கையை இறுக மூடிக்கொள்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். தயவுசெய்து அவளைக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.'

"இத வெச்சுத் தலைமை அலுவலகத்துல வேற ஆபரேட்டரப் போட்டுட்டாங்க, எனக்கே இன்னைக்குத்தான் சொன்னாங்க. திங்கக்கிழமை வர்றார். எழுதினவரே வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்தா, நாலு மணிக்குள்ள நான் பேசிப் பாக்கறேன்."

"இத எனக்குக் காட்டவே இல்லையே சார்."

"காட்டியிருந்தா இன்னைக்கு ஏறியிருப்பீங்களா?"

அண்ணி நேர்மையாக யோசித்தாள். "ஏறியிருப்பேன். கோவத்தோட ஏறியிருப்பேன். கோவத்தோட பாரம் தூக்கக் கூடாது."

"அதான் காட்டல."

அவள் கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்தாள். "சார், இது அவரோட பயம். என்னோட விண்ணப்பம் இல்ல. நீங்க ரெண்டையும் ஒரே ஃபைல்ல வெச்சுட்டீங்க."

மேலாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

மூன்றேகாலுக்கு வேன் வாயிலருகே வந்து நின்றது. அண்ணி முன்கதவைத் திறந்து ஏறினாள். சின்னவள் பின்னால் ஏறினாள். அண்ணன் தாளையும் கடிதத்தையும் ஒருசேரப் பார்த்துவிட்டு வேனின் இயந்திரத்தை நிறுத்தினார்.

"பெட்டி?"

"மேல இருக்கு."

"படிச்சிட்டியா?"

"கையெழுத்து வரைக்கும்."

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் பலகை சுத்தின அன்னைக்கு, நீ சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டுப் போயிட்ட. அதக் கொண்டுட்டு வந்தேன். இந்தக் கேட்டுக்கு வெளியதான் நின்னேன். பலகை சுத்தறதப் பாத்தேன். கிரேன் மொத்தமும் ஒரு தடவ ஆடினதப் பாத்தேன். டப்பாவ எடுத்துட்டுத் திரும்பி வீட்டுக்குப் போயிட்டேன்."

"சாயங்காலம் டப்பா மேசை மேலதானே இருந்துச்சு."

"திருப்பி வெச்சேன்."

சின்னவள், பதினோரு நாள்களாக அண்ணனை எத்தனை முறை கேலி செய்தோம் என்று கணக்கிடத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"எழுதித் தரேன்," என்றார் அவர். "ஒன்னே ஒன்ன மட்டும் சொல்லு. உனக்கு மேல பயமா இல்லையா?"

இந்தக் கேள்விக்கு அண்ணி இல்லை என்றுதான் சொல்வாள் என்று சின்னவள் நினைத்தாள். அப்படிச் சொன்னால் அவர் எழுதிவிடுவார், வேலை முடிந்துவிடும்.

"இருக்கு," என்றாள் அண்ணி.

அவர் திரும்பினார்.

"இருந்ததாலதான் ஒன்பதாவது மாடியில திருப்பினேன். காலையில பயத்தோடதான் தூக்கினேன், பயத்தோடதான் இறக்கினேன். பயமே இல்லாத ஆள் மேல உக்காந்திருந்தா, அந்தப் பெட்டி இப்ப எங்க இருந்திருக்கும்னு உங்க தங்கச்சியக் கேளுங்க. அப்படி ஒருத்தர் ஏறினா, அன்னைக்கு எழுதுங்க லெட்டர். நானும் கூடச் சேந்து கையெழுத்துப் போடறேன்."

அவர் தங்கையைக் கேட்கவில்லை. தாளை வாங்கி ஸ்டியரிங்கின் மேல் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'ஐயா' என்று எழுதினார். அடுத்த வரியைத் தொடங்கினார்.

வாயிலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், தோளில் ஒரு பை. காவலரிடம் எதுவும் கேட்பதற்கு முன் பையைக் கீழே வைத்தார். கால்களை அகட்டி நின்றார். கிரேனின் கை முனையில் பறந்த சிறு கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து எண்ணும் நேரம் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் காவலரிடம் திரும்பினார். திறந்திருந்த சன்னல் வழியே அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"கிரேனுக்கு வந்திருக்கேங்க. திங்கக்கிழமைதான் வரச் சொன்னாங்க. மூணு நாள் முன்னாடியே வந்து, இந்த எடத்துக் காத்தப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்த ஆளின் வேலையைப் பறிக்கும் வரியின் பாதியில் அண்ணனின் பேனா நின்றது.

"யாரு அண்ணி அது?" என்றாள் சின்னவள், தெரிந்தே.

அண்ணி கண்ணை எடுக்காமல் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஆபரேட்டர்," என்றாள். "அதான் கஷ்டம்."